முகத்துவாரம் எந்தப் பக்கம் திரும்பும்?

களப்பு என்னும் கரையோர நீர்ப்பரப்புக்கும் கடலுக்கும் நடுவே கிடக்கும் மணல்திட்டை வெட்டித் திறக்க, கடைசியில் ஒரு மண்வெட்டி போதும். திறந்த முகத்துவாரத்தை மூட எந்த இயந்திரத்தாலும் முடியாது. கடல்தான் தனக்கு வசதியான ஒரு காலத்தில் மணலைக் கொண்டுவந்து மூடும். நீர்ப்பாசனப் பொறியியலாளராக இருந்த காலத்தில் நான் மிகவும் பயந்து செய்த வேலை இதுதான். வாய்க்கால் பிழையாகிப்போனால் திருத்தலாம், மதகு பிழையாகிப்போனால் மாற்றலாம். முகத்துவாரம் அப்படியல்ல.

சென்ற மாதம் என் பழைய அலுவலகத்திலிருந்து ஓர் இளம் பொறியியலாளர் தொலைபேசியில் அழைத்தார். வெள்ளத்தைக் கணிக்கும் புதிய நிரல் ஒன்று அங்கே வந்திருக்கிறதாம். எத்தனை மணிக்கு எந்தத் தெருவில் தண்ணீர் ஏறும் என்பதைக்கூட நீல நிறத்தில் காட்டுமாம். அதைப் பழக்கும் வகுப்பில் ஒழுங்கின்மைக் கோட்பாடு என்று ஒரு பாடமும் இருக்கிறது, புத்தகத்தில் வாசித்தால் தலையும் புரியவில்லை வாலும் புரியவில்லை, நீங்கள் வந்து ஒரு மணித்தியாலம் கதைக்க வேண்டும் என்றார். அந்தக் கட்டடத்தின் மாடிப்படி ஏற என் முழங்கால் இடம் தராது. எழுதித் தருகிறேன் என்றேன். எழுத உட்கார்ந்தபோது பாடமாக வரவில்லை. நடந்ததாகத்தான் வந்தது.

நான் மருதமுனைப் பெண். கல்முனையில் படித்து, சண்டைக் காலத்தில் பாதி நாள் மூடியும் பாதி நாள் திறந்தும் கிடந்த பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்று, அம்பாறைப் பக்கத்து அலுவலகம் ஒன்றில் வேலைக்குச் சேர்ந்தேன். பயிற்சிக் காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. குளக்கட்டுகளில் நடந்தேன், நீர்மட்டம் பார்த்தேன், வெயிலில் கறுத்தேன். எனக்கு வேலை கற்றுத் தந்தவர் என் மேலதிகாரி குணரத்தினம் சேர். தம்பிலுவில்காரர். ஒல்லியான மனிதர், முழுக்கைச் சட்டையின் கையை ஒருநாளும் மடிக்காதவர். ஏசமாட்டார், பாராட்டவும் மாட்டார். யார் எந்தக் கணிப்பைக் கொண்டுபோய் மேசையில் வைத்தாலும், கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே ஒரே கேள்வியைத்தான் கேட்பார்.

"இது எவ்வளவு நேரத்துக்குச் சரி?"

நான் முதன்முதலாக ஒரு குளத்தின் நீர்மட்டத்தைக் கணித்துக்கொண்டு போன நாளிலும் அதையே கேட்டார். அடுத்த கிழமை எந்த நாளில் குளம் நிரம்பி வான் பாயும் என்று நான் தசமதானத்தோடு எழுதியிருந்தேன். கணக்குச் சரி சேர், இரண்டு தரம் பார்த்தேன் என்றேன். கணக்குச் சரிதான், நான் கேட்டது அதையல்ல என்றார். பிறகு என் கணிப்பானை எடுக்கச் சொல்லி, தன் மேசை லாச்சியிலிருந்து தன்னுடையதையும் எடுத்தார். மின்சாரம் இல்லாத மத்தியானம் அது. இருவருக்கும் வியர்த்துக் கொட்டியது.

அவர் சொன்ன கணக்கு ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைக்கும் விளங்கும். பூச்சியத்துக்கும் ஒன்றுக்கும் இடையில் ஓர் எண்ணை எடுக்க வேண்டும். ஒன்றிலிருந்து அதைக் கழித்து, வருகிற விடையை அந்த எண்ணாலேயே பெருக்கி, பிறகு நான்கால் பெருக்க வேண்டும். கிடைத்த விடையை வைத்துத் திரும்பவும் அதையே செய்ய வேண்டும். திரும்பத் திரும்பச் செய்துகொண்டே போக வேண்டும். இதில் அதிர்ஷ்டம் இல்லை, சீட்டுக் குலுக்கல் இல்லை. ஒரே விதி.

இருவரும் பூச்சியம் தசம் நான்கில் தொடங்கினோம். ஒவ்வொரு தடவையும் விடையை உரத்துச் சொன்னோம். ஒரே விடை வந்தது. கொஞ்சம் போனதும் கடைசி இலக்கம் மட்டும் வேறாக வந்தது. அவருடைய கணிப்பான் பழையது, எட்டு இலக்கம்தான் வைத்திருக்கும். என்னுடையது பத்து வைத்திருக்கும். அந்த வித்தியாசம் ஒவ்வொரு தடவையும் ஏறத்தாழ இரட்டித்துக்கொண்டு வந்தது. முப்பதைத் தாண்டியபோது அவர் ஒன்றுக்குக் கிட்டவும் நான் பூச்சியத்துக்குக் கிட்டவும் நின்றோம். இருவரும் பிழை செய்யவில்லை.

"ரெண்டு பேருக்கும் விதி தெரியும். ரெண்டு பேரும் சரியாத்தான் செய்தம். ஆனா இப்ப நீர் சொல்லுறதும் நான் சொல்லுறதும் ஒண்டுக்கொண்டு சம்பந்தமில்லை" என்றார்.

அப்படியானால் பதினோராவது இலக்கத்தையும் வைத்திருக்கும் கணிப்பான் வாங்கினால் நல்லதுதானே என்று கேட்டேன். அதற்கு அவர் சொன்னதுதான் ஒழுங்கின்மைக் கோட்பாட்டின் நடு நரம்பு. பத்து மடங்கு நுணுக்கமாக அளந்தால் பத்து மடங்கு தூரம் பார்க்கலாம் என்று மனிதர் நினைப்பார்கள். இங்கே அது நடக்காது. பத்து மடங்கு நுணுக்கத்துக்கு இன்னும் மூன்று, நான்கு தடவைகள் மட்டும் கூடும். பிழை இரட்டித்து இரட்டித்து வளருவதால் நம் முயற்சி முழுவதையும் அது விழுங்கிவிடும். வானமும் இந்த வகைதான். ஓரிரு நாளைக்கு நன்றாகச் சொல்லலாம், இன்னும் சில நாளைக்கு ஒருமாதிரிச் சொல்லலாம், அதற்கு அப்பால் எந்தக் கணினி வந்தாலும் ஊகம்தான்.

எல்லாத் தொகுதியும் இப்படியல்ல என்பதையும் அன்றைக்கே காட்டினார். நான்குக்குப் பதில் இரண்டு தசம் எட்டால் பெருக்கச் சொன்னார். எங்கே தொடங்கினாலும் விடை ஒரே எண்ணில் போய் அமர்ந்தது. மூன்று தசம் இரண்டால் பெருக்கினால் இரண்டு எண்களுக்கிடையே ஊஞ்சல் மாதிரி மாறி மாறி ஆடியது. அதே கணக்கு, ஒரே ஓர் எண்ணைத்தான் மாற்றினோம். ஒரு தொகுதி எப்போது அமைதியாக இருக்கும், எப்போது குழம்பும் என்பதைப் படிப்பதுதான் இந்தத் துறை.

நான் எழுந்து போகும்போது இன்னொன்றும் சொன்னார். விடை எங்கே நிற்கும் என்று தெரியாவிட்டாலும், எங்கே போகாது என்று தெரியும். எத்தனை தடவை செய்தாலும் அது பூச்சியத்துக்குக் கீழேயும் போகவில்லை, ஒன்றுக்கு மேலேயும் போகவில்லை. பொறியியலாளருக்குச் சோறு போடுவது அந்த எல்லைதான் என்றார்.

வெளியில் அவருக்கு நல்ல பெயர் இல்லை. விவசாயிகள் கூட்டத்தில் எழுந்து, நாளை மத்தியானம் வரைக்கும் சொல்லுவேன், அதற்குப் பிறகு எனக்குத் தெரியாது என்பார். தெரியாது என்று சொல்லவா இவருக்குச் சம்பளம் என்று பின்வரிசையில் யாராவது சிரிப்பார்கள். அவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார்.

இனி, நான் சொல்ல வந்த மாரிகாலத்துக்கு வருகிறேன். நான் ஓய்வு பெறுவதற்குச் சில ஆண்டுகளுக்கு முன் நடந்தது. குணரத்தினம் சேர் என்னைவிடச் சில வயதுதான் மூத்தவர்; அவருக்கும் சேவைக்காலம் முடியப்போகும் நேரம்.

மழை விடாமல் பெய்து மேற்கே குளங்களெல்லாம் வான் பாய்ந்தன. அந்தத் தண்ணீர் முழுவதும் வயல்களைத் தாண்டி எங்கள் களப்புக்குள் வந்து சேர்ந்தது. முகத்துவாரம் மணலால் மூடிக் கிடந்தது. தண்ணீருக்குப் போக வழியில்லை. வயல்கள் மூழ்கின. அன்று காலை ஊரின் தாழ்ந்த தெருக்களில் முற்றம்வரை வந்துவிட்டது. அன்று பொழுதுபடுவதற்குள் வெட்டாவிட்டால் ஊருக்குள் கட்டில் உயரத்துக்கு ஏறும் என்பதில் எவருக்கும் சந்தேகம் இருக்கவில்லை. வெட்டுவதா இல்லையா என்பதல்ல அன்றைய கேள்வி. வெட்டிய பிறகு முகத்துவாரம் எந்தப் பக்கம் திரும்பும் என்பதுதான்.

இதை விளங்கப்படுத்த வேண்டும். நாங்கள் வெட்டுவது ஒடுங்கிய நேர்க்கால்வாய். தண்ணீர் ஓடத் தொடங்கினால் மணலை அரிக்கும். அரித்த வழி அகலும், அகன்ற வழியில் இன்னும் வேகமாக ஓடும், இன்னும் அரிக்கும். வெளியே கடலின் அலை எந்தத் திசையிலிருந்து சரிந்து வருகிறதோ, அதற்கு எதிர்ப்பக்கக் கரையைத் தின்றுகொண்டு வாய் நகரும். மாரியில் அலை வடகிழக்கிலிருந்து வரும். ஆகவே வாய் தெற்கே திரும்பும். எனக்குத் தெரிந்த காலம் முழுவதும் தெற்கேதான் திரும்பியிருக்கிறது. தெற்குக் கரையில் இருந்த மீன்பிடிக் குடும்பங்களுக்கு இது பழக்கம். மண் தோண்டும் பெக்கோ இயந்திரத்தைக் கண்டதும் பாயைச் சுருட்டிக்கொண்டு எழும்பிவிடுவார்கள். வடக்குக் கரையில் ஒரு வரிசை வீடுகள் இருந்தன. அங்கே எவரும் எழும்பியதே இல்லை.

ஆனால் அன்று கடலில் ஒரு தாழமுக்கம், புயலாகக்கூடிய காற்றுச் சுழி, நகர்ந்துகொண்டிருந்தது. கொழும்பில் வானிலை கணிக்கும் அதிகாரி ஒருவரைத் தொலைபேசியில் பிடித்தேன். அவர்கள் ஒரே கணிப்பை ஒரு தடவை ஓட்டுவதில்லை. தொடக்க அளவுகளை மயிரளவு மாற்றி மாற்றிப் பல தடவை ஓட்டுவார்கள். ஒவ்வொரு தடவைக்கும் தாழமுக்கம் போகும் பாதை ஒரு கோடாக வரும். எல்லாக் கோடுகளும் ஒன்றாகப் போனால் நம்பலாம். பிரிந்தால், பிரிகிற இடம்வரைதான் நம்பலாம். அன்று கோடுகள் மாலைவரைக்கும் கயிறு முறுக்கியது போல் ஒன்றாக வந்தன, அதற்குப் பிறகு இரண்டாகக் கிழிந்தன என்றார். அதிகமானவை எங்களுக்கு வடக்கே போயின. கொஞ்சம் தெற்கே, பொத்துவில் பக்கமாக இறங்கின. வடக்கே போனால் வழக்கமான அலை. தெற்கே போனால் காற்று சுழன்று தென்கிழக்கிலிருந்து அடிக்கும், அலையும் அங்கிருந்தே வரும், வாய் வடக்கே திரும்பும். எப்போது நிச்சயமாகச் சொல்வீர்கள் என்று கேட்டேன். நாளைக் காலையில் என்றார். களப்பு நாளைக் காலைவரை காத்திருக்காது.

மணல்திட்டில் கூட்டம் கூடிவிட்டது. முன்னால் நின்றவர் வட்டவிதானை சிவலிங்கம், காரைதீவுக்காரர். வயல் கண்டத்தின் தண்ணீருக்கும் வேலைகளுக்கும் பொறுப்பானவர். அவருடைய சொந்த வேளாண்மையும் கழுத்தளவு தண்ணீரில் நின்றது. பெக்கோ வந்துவிட்டது, இன்னும் என்ன யோசனை என்றார். இரண்டு கரையிலும் ஆட்களை எழுப்ப வேண்டும் என்றேன். தெற்குக் கரை சரி, வடக்கு என்னத்துக்கு என்று கேட்டார். பாதைகள் மூழ்கியிருந்ததால் எங்களுக்குக் கிடைத்தது ஒரே ஒரு ட்ரக்டர். இரண்டு கரையையும் அதனால் எழுப்பினால் வெட்டுவது பிந்தும். ஒவ்வொரு மணித்தியாலமும் வயலில் பயிர் அழுகிக்கொண்டிருந்தது. அவர் கோபத்தில் நியாயம் இருந்தது.

குணரத்தினம் சேர் வெள்ளத்துக்கு அந்தப் பக்கம் அலுவலகத்தில் மாட்டிக்கொண்டிருந்தார். தொலைபேசியில் எல்லாம் சொன்னேன். அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, இத்தனை வருசமும் தெற்கேதான் போயிருக்கிறது, கோடுகளிலும் அதிகமானவை அதையே சொல்கின்றன, இருக்கிற ட்ரக்டரால் தெற்குக் கரையாரை மட்டும் எழுப்பிவிட்டு வெட்டச் சொன்னார். அவருக்கு எதிர்த்துப் பேசி எனக்குப் பழக்கமில்லை. சுற்றி நின்றவர்கள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"சேர், தெற்க போகும் எண்டுறது எவ்வளவு நேரத்துக்குச் சரி?"

கண்ணாடியை மேசையில் வைக்கும் சத்தம் கேட்டது. பிறகு அவர் குரல் வந்தது.

"பின்னேரம் வரைக்கும். அதுக்குப் பிறகு எனக்குத் தெரியாது. ரெண்டு கரையையும் எழுப்பும், பரீதா."

எங்கே போகும் என்று தெரியவில்லை, எங்கே போகாது என்பது தெரிந்தது. வடக்கே ஒரு கற்பாறைத் திட்டும் தெற்கே உயர்ந்த மணல்மேடும் இருந்தன. அவற்றை மீறி வாய் நகராது. அந்த இரண்டுக்கும் இடையில் ஓர் உயிரும் இருக்கக்கூடாது என்று சிவலிங்கத்திடம் சொன்னேன். அவர் என்னையும் தண்ணீரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"எழுப்பி முடிஞ்சா உடன வெட்டுவீங்களா?"

"ஓம்."

"அப்ப என்ட ட்ரக்டரும் வருகுது. மேட்டு வளவில நிக்கி. வடக்க நான் பாக்கன்."

அவர் வடக்குக் கரையை நம்பி வரவில்லை. தன் வயலுக்காகத்தான் வந்தார். வந்தாரே, அது போதும் எனக்கு.

பெக்கோ களப்புப் பக்கமிருந்து கால்வாயைத் தோண்டத் தொடங்கியது. கடலோரம் ஒரு மணல் அடைப்பை விட்டுவிட்டுத் தோண்ட வேண்டும், நான் சொல்லும்வரை அதில் கை வைக்கக் கூடாது என்று ஓட்டுநரிடம் சொல்லிவிட்டு, எங்கள் ட்ரக்டரைத் தெற்குக் கரைக்கு அனுப்பினேன். நான் சிவலிங்கத்தின் ட்ரக்டர் பெட்டியில் ஏறி வடக்குக் கரைக்குப் போனேன். மழை முகத்தில் ஊசியாய்க் குத்தியது. வீடு வீடாகக் கெஞ்சினோம். சிலர் வந்தார்கள், சிலர் சிவலிங்கத்தின் சத்தத்துக்குப் பயந்து வந்தார்கள். கடைசி வீடு றஹ்மத்து ராத்தாவுடையது. அவர் புருசன் இஸ்மாயில் காக்கா பாரிசவாதத்தில் ஒரு பக்கம் விழுந்து கட்டிலோடு கிடந்தார்.

ராத்தா கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஒவ்வொரு வருசமும் தெற்கேதானே வெட்டிக்கொண்டு போகிறது, இந்த மனிசனை இந்த மழையில் தூக்கினால் வழியிலேயே மூச்சு நின்றுவிடும், அதற்கு யார் பொறுப்பு என்று கேட்டார். அவர் சொன்னது நடக்கக்கூடியதுதான். உண்மையில், அவர் வீடு தப்புவதற்கே வாய்ப்பு அதிகம். கோடுகள் அப்படித்தான் சொல்லியிருந்தன. ஆனால் கொஞ்சக் கோடுகள் இந்த வீட்டு வாசலுக்கு வந்தன. அந்த வாசலில் இந்த மனிதர் எழும்ப முடியாமல் கிடந்தார்.

"வடக்க வருமெண்டு சொல்லுறீங்களா, மிஸ்?"

"சொல்லேலா, ராத்தா. வந்தா, அப்ப உங்களத் தூக்க நேரம் இருக்காது."

அவர் நிலையை விடவில்லை. உள்ளிருந்து இஸ்மாயில் காக்காதான் குழறிய நாக்கால் ஏதோ சொன்னார். எனக்கு விளங்கவில்லை, ராத்தாவுக்கு விளங்கியது. கையை எடுத்தார். சிவலிங்கமும் இன்னும் மூவரும் முன்கதவைக் கழற்றி, அதன்மேல் மெத்தையைப் போட்டு, காக்காவைக் கிடத்தித் தூக்கினார்கள். மேலே தறப்பாளைப் பிடித்தபடி ராத்தா பக்கத்தில் நடந்து வந்தார். என்னைத் திரும்பிப் பார்க்கவேயில்லை.

பின்னேரத்து அசர் தொழுகை நேரம் தாண்டித்தான் மணல்திட்டுக்குத் திரும்பினோம். அடைப்பின் ஒரு பக்கம் களப்பு நெஞ்சளவுக்கு உயர்ந்து நின்றது, மறுபக்கம் கடல் வற்றியிருந்தது. சரி என்றேன். ஒருவர் மண்வெட்டியால் ஒரு கோடு இழுத்தார். கைவிரல் அகலத் தண்ணீர் அதில் தயங்கித் தயங்கிப் போனது, நின்றது, மணலுக்குள் சுவறியது, திரும்பவும் போனது. அலையைத் தொட்ட கணத்தில் அதற்கு உயிர் வந்தது. நாங்கள் பின்வாங்கினோம். கொஞ்ச நேரத்தில் பெக்கோவும் பின்வாங்கியது. கரை துண்டு துண்டாக உடைந்து விழும் சத்தம் வயிற்றுக்குள் கேட்டது. சனம் அல்லாஹு அக்பர் என்றது, பக்கத்தில் நின்றவர்கள் அரோகரா என்றார்கள். முதலில் வாய் தெற்கேதான் சரிந்தது. சிவலிங்கம் என்னைப் பார்த்து, நான் சொன்னேனே என்பது போல் தலையை ஆட்டினார்.

பொழுது கருகும் நேரம் காற்று விழுந்தது. அப்படி ஓர் அமைதியை நான் விரும்புவதில்லை. பிறகு சட்டையின் மறுபக்கம் படபடத்தது. காற்று தென்கிழக்கிலிருந்து வந்தது. தாழமுக்கம் தெற்கே இறங்கிவிட்டது என்று கொழும்பிலிருந்து செய்தி வருவதற்கு முன்னரே எங்கள் உடம்புக்குத் தெரிந்துவிட்டது. அலையின் சரிவு மாறியது. தெற்குக் கரையை விட்டுவிட்டு வாய் வடக்கே தின்னத் தொடங்கியது. தென்னைகள் நின்றபடியே நகர்ந்து, பிறகு சாய்ந்தன. முதலில் ஒரு வேலி, பிறகு ஒரு கிணற்றுக்கட்டு, பிறகு வீடுகள். றஹ்மத்து ராத்தாவின் வீடு கதவில்லாத வாசலோடு கொஞ்ச நேரம் நின்றது. பிறகு அதுவும் போனது. பக்கத்தில் நின்ற சிவலிங்கம் தலைப்பாகையை அவிழ்த்துக் கையில் பிடித்தபடி நின்றார்.

ஊர் தப்பியது. காலையில் தெருக்களில் சேறுதான் இருந்தது. ஓர் உயிரும் போகவில்லை. சிவலிங்கத்தின் வேளாண்மையில் பாதி தேறியது, பாதி அழுகியது. ஆனால் எவரும் என்னை வாழ்த்தவில்லை. தெற்குக் கரைக்காரர், ஒன்றும் நடக்காத இடத்திலிருந்து எங்களை எதற்குக் கிளப்பினாய் என்றார்கள். வடக்குக் கரைக்காரர், நீ கோணலாக வெட்டியபடியால்தான் எங்கள் பக்கம் வந்தது என்றார்கள். மாவட்ட நிர்வாகக் கச்சேரியில் நடந்த கூட்டத்திலும் அந்தக் கேள்வி எழுந்தது. வடக்கே போகும் என்று முன்கூட்டியே தெரிந்திருந்தால் ஏன் வேறு இடத்தில் வெட்டவில்லை என்றார் ஒருவர். குணரத்தினம் சேர் எழுந்து, தெரிந்திருக்கவில்லை, தெரிந்திருக்கவும் முடியாது, என்னுடைய முதல் முடிவு பிழையாகியிருக்கும், அதைத் தடுத்தது இவர்தான் என்று என்னைக் காட்டிவிட்டு உட்கார்ந்தார். அவரிடமிருந்து நான் கேட்ட ஒரே பாராட்டு அது. அன்று கூட்டத்தில் அதை யாரும் பெரிதாக எடுக்கவில்லை.

கூட்டம் முடிந்த பின்னேரம், வீடிழந்தவர்கள் தங்கியிருந்த பள்ளிக்கூடத்துக்குப் போனேன். போக மனமில்லை, போகாமல் இருக்கவும் முடியவில்லை. வகுப்பறை ஒன்றில் மேசைகளை ஒன்றுசேர்த்து அதன்மேல் இஸ்மாயில் காக்காவைப் படுக்க வைத்திருந்தார்கள். மூச்சு சீராக இருந்தது. றஹ்மத்து ராத்தா கீழே பாயில் இருந்தார். நான் வாசலிலேயே நின்றேன். அவர் நிமிர்ந்து பார்த்தார்.

"உங்களுக்கு முந்தியே தெரியுமா, மிஸ்?"

"இல்ல ராத்தா."

"தெரியாமலா எங்கள எழுப்பின நீங்க?"

"தெரியாததாலதான்."

ராத்தா புருசனின் பக்கம் திரும்பி, விலகியிருந்த போர்வையை நெஞ்சுவரை இழுத்துவிட்டார். பிறகு பாயில் கொஞ்சம் தள்ளி இருந்துகொண்டு, பக்கத்து இடத்தைக் கையால் தட்டினார்.

"வீடு போயிட்டு. மனிசன் இருக்காரு. இரி புள்ள, தேத்தண்ணி வருகுது."